தச்சன் கையில் இருந்த ஞானம்

அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, தென்கரையில் ஒரு பெரிய தோப்பு இருக்கிறது. 1875-இல் நியூயார்க்கில் தோன்றிய தியாசாபிகல் சொஸைட்டி, 1882-இல் இங்கே குடிவந்தது. நம்மவர்கள் அதைப் பிரம்மஞான சபை என்கிறார்கள். 'தியோஸ்' என்றால் கடவுள்; 'சோபியா' என்றால் ஞானம். இரண்டும் கிரேக்கச் சொற்கள். பொருத்தமான மொழிபெயர்ப்புத்தான்.

இண்டர்மீடியட்டோடு படிப்பை நிறுத்திய எனக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனால் சொற்களின் பூர்வோத்தரத்தைக் கிளறிப் பார்ப்பதில் ஆசை உண்டு. ஹோமரின் இலியத்தில் சோபியா என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. யாரைப் பற்றி? ரிஷியைப் பற்றியல்ல, ஒரு தச்சனைப் பற்றி! கப்பலுக்கான மரத்தில் நூல் பிடித்து நேர் பார்க்கிறானே, அந்தத் தொழில் நுட்பத்துக்குத்தான் சோபியா என்று பெயர்.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், பீடியாஸ் என்ற சிற்பியையும் மக்கள் சோபியா உள்ளவன் என்று சொல்வதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் முழுமையான சோபியா, மிக உயர்ந்தவற்றை அறியும் அறிவே என்று தீர்ப்பளித்து விடுகிறார். சொல் மாடி ஏறிவிட்டது. தச்சன் கீழேயே நின்றுவிட்டான்.

இந்தக் கதை நமக்குப் புதிதா, என்ன? வித்யை என்ற பெரிய சொல் நம்மிடம் வித்தையாகித் தெருவில் குரங்காட்டியோடு சுற்றுகிறது. ஞானமோ கீழே இறங்குவதே இல்லை. கலப்பையும் உளியும் பிடித்த கைகளுக்கு எழுத்துக்கூட வேண்டாம் என்று எத்தனை தலைமுறை சொல்லி வைத்தோம்!

அந்தத் தோப்பிலிருந்தவர்கள் இதற்குக் கொஞ்சம் பரிகாரம் செய்தார்கள் என்பேன். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்காக 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளி திறந்தார். 1936-இல் ருக்மிணி தேவி அங்கே தொடங்கிய கலாக்ஷேத்திரத்தில், பின்னர் நாட்டியத்தோடு நெசவுத் தறிக்கும் இடம் கிடைத்தது. ஞானம் மறுபடி கைக்கு வந்தது.

தமிழ் மட்டும் இதை முற்றிலும் மறக்கவில்லை. ஒருவன் ஒன்றை நன்றாக அறிந்தால் அவனைக் 'கைதேர்ந்தவன்' என்கிறோம். அந்தக் கலை அவனுக்குக் 'கைவந்தது' என்கிறோம். தலைவந்த கலை என்று யாராவது சொல்கிறார்களா? மயிலாப்பூரில் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைப் பாருங்கள். எந்தக் கணத்தில், எந்தப் பக்கம் என்பது அவர் கைக்குத் தெரியும். ஹோமர் பார்த்திருந்தால் அதைச் சோபியா என்றே சொல்லியிருப்பார்.