இரும்புக்கை மாயாவியும் தமிழ் ரசிகர்களும்

இரும்புக்கை மாயாவி என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது இயக்குநர் லோகேஷ் கனகராஜ் எடுக்க ஆசைப்படுவதாகப் பேட்டிகளில் சொல்லிவந்த ஒரு படத்தின் பெயர். அவர்களுடைய அப்பாக்களிடம் கேட்டால் கதையே வேறு. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பேங்க் ஆபீசரோ, பஸ் டிரைவரோ, வாத்தியாரோ திடீரென்று பத்து வயசுப் பையனாகி, "கரண்டுல கைய வெச்சா ஆள் மறைஞ்சுடுவான், கை மட்டும் தெரியும்" என்று நடித்தே காட்டுவார். உளவாளியாகவும் இருந்து, அபூர்வ சக்தியும் கொண்ட ஒரு ஹீரோவுக்குத் தமிழில் கிடைத்த ரசிகர் கூட்டத்தின் வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அது தொலைக்காட்சியில் வரவில்லை, அச்சில் வந்தது. 1972-ல் தமிழ்நாட்டில் தொலைக்காட்சியே கிடையாது. சென்னை தூர்தர்ஷன் தொடங்கியதே 1975 ஆகஸ்ட் 15-ல்தான்.

முதலில் லண்டனுக்குப் போய் வருவோம். 1962 அக்டோபர் 5-ம் தேதி ஜேம்ஸ்பாண்டின் முதல் படமான 'டாக்டர் நோ' அங்கே திரையிடப்பட்டது. அதற்கு மறுநாள் தேதியிட்டு 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழின் முதல் இதழ் வந்தது. அதில்தான் நம்ம ஆள் பிறந்தார். பெயர் லூயிஸ் கிராண்டேல். பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் வலது கை போய் இரும்புக் கை பொருத்தப்பட்டவர். ஆய்வுக்கூடத்தில் இன்னொரு விபத்து, உடம்பில் உயர் அழுத்த மின்சாரம் பாய்கிறது, ஆள் மறைந்துவிடுகிறார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. (போட்டிருக்கும் கோட்டு சூட்டு எப்படிச் சேர்ந்து மறைகிறது என்று எந்த அறிவியல் வாத்தியாரும் கேட்டதாகத் தெரியவில்லை!) எழுதியவர் கென் புல்மர் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர், பின்னால் டாம் டுல்லி. வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஜீஸஸ் பிளாஸ்கோ. வெளியிட்டது ஃப்ளீட்வே நிறுவனம்.

முதல் கதையில் கிராண்டேல் ஹீரோ கிடையாது, வில்லன். மறையும் சக்தி கிடைத்ததும் அவர் செய்வது கொள்ளைதான். பிற்பாடுதான் திருந்தி, பிரிட்டனின் ரகசிய அமைப்பு ஒன்றில் உளவாளியாகச் சேர்கிறார். தமிழ் வாசகர்கள் 'நிழற்படை' என்று அறிந்த அமைப்பு அதுதான். அப்புறம் அந்தக் கையே ஒரு ஆயுதக் கிடங்காகிவிடுகிறது. விரலில் துப்பாக்கி, விரலில் வாயு, உள்ளே ரேடியோ. அமெரிக்காவில் 1966-ல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் சக்கைப்போடு போட்டபோது அந்தக் காற்று லண்டன் பக்கமும் அடித்தது. கொஞ்ச காலம் கிராண்டேலுக்கும் முகமூடியும் சூப்பர் ஹீரோ உடையும் மாட்டிவிட்டுப் பார்த்தார்கள். சரிப்படவில்லை, கழற்றிவிட்டார்கள். தமிழில் மனசில் நின்றது கோட்டு சூட்டு மாயாவிதான்.

இந்த ஆள் சிவகாசிக்கு வந்து சேர்ந்தது 1972 ஜனவரியில். மு. சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. ஆரம்ப கால ஆசிரியர் முல்லை தங்கராசன். தமிழில் அதற்கு முன்பும் படக்கதைகள் உண்டு. ஆனால் மாதாமாதம் கையடக்கப் புத்தகமாக, ஒரே மூச்சில் படித்து முடிக்கும் முழுக்கதையாக வந்து இந்த அளவுக்குப் பிடித்துக்கொண்டது மாயாவிதான். 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்', 'பாதாள நகரம்', 'நாச அலைகள்', 'இமயத்தில் மாயாவி', 'யார் அந்த மாயாவி?'... தலைப்பைச் சொன்னாலே போதும், ரசிகர்களுக்கு அட்டைப்படம் கண்முன் வந்துவிடும்.

ஏன் இந்த அளவுக்குப் பிடித்தது? தமிழ்நாட்டில் அப்போது உளவாளிக் காய்ச்சல் ஏற்கெனவே இருந்தது என்பது ஒரு காரணம். 'வல்லவன் ஒருவன்' 1966-லேயே வந்துவிட்டது. ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று கொண்டாடிய காலம் அது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

லண்டன் பையனுக்கு மாயாவி கதை வாரம் சில பக்கம்தான் கிடைத்தது. ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் மாயாவி ஏதாவது ஒரு வில்லங்கத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் இதழ் விற்காது. தமிழ்ப் பையனுக்கோ அந்த வாரங்கள் எல்லாம் ஒன்றாகத் தைக்கப்பட்டு ஒரே புத்தகமாக வந்தன. அங்கே வாரத்துக்கு ஒருமுறை வந்த திக் திக், இங்கே ரெண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை வந்தது. மாயாவி மாட்டுவார், தப்புவார், கரண்டைத் தொடுவார், மறைவார், சக்தி தீரும் நேரம் பார்த்து மறுபடி மாட்டுவார். மூச்சுவிட நேரமே கிடையாது. (ஃப்ளீட்வேயும் 1967-68-ல் சூப்பர் லைப்ரரி என்று முழுநீளக் கதைகளைத் தனிப் புத்தகங்களாகப் போட்டது. ஆனால் அது சீக்கிரமே நின்றுவிட்டது.) தமிழில் மாயாவி படித்தவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் "கீழே வைக்கவே முடியாது" என்பார்கள். அதற்குப் பாதிக் காரணம் ஊசி நூல்!

இன்னொரு விஷயம், கிடைக்காமை. மயிலம் மாதிரி ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-ல் அது தென்னார்க்காடு மாவட்டம், விழுப்புரம் மாவட்டமெல்லாம் 1993-ல் வந்தது. மலைமேல் முருகன் கோவில், கீழே தமிழ்க் கல்லூரி, நடுவில் திண்டிவனம் - புதுச்சேரி பஸ். இலக்கணம் படிக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து சேரும் ஊர்தான். ஆனால் அந்த ஊர்ப் பையனுக்குக் காமிக்ஸ் வேண்டுமென்றால் வழி என்ன? திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக் கடை, இல்லையென்றால் பழைய பேப்பர்க் கடை. மாதம் தவறாமல் வாங்குகிற வசதியும் எல்லா வீட்டிலும் இல்லை. அதனால் இப்படிப்பட்ட ஊர்களில் மாயாவி வரிசையாகக் கிடைக்கவில்லை. முதலில் பத்தாவது கதை, பிறகு மூன்றாவது கதை, அதிலும் அட்டை இருக்காது, கடைசி நாலு பக்கம் இருக்காது. ஒரு புத்தகம் முப்பது கை மாறும். எழுதியது யார், வரைந்தது யார் என்று புத்தகத்தில் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. ஜீஸஸ் பிளாஸ்கோவின் கோடுகளை வருஷக்கணக்கில் காப்பி அடித்து வரைந்து பழகியவர்களுக்கு அவர் பெயரே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவந்தது.

வர்த்தகப் பாடத்தில் முதல் அத்தியாயமே இதுதானே. வரத்து குறைவு, கிராக்கி அதிகம். ஒரு ரூபாய்க்கு முன்னும் பின்னுமாக விற்ற அந்தப் பழைய புத்தகங்களுக்குப் பின்னாளில் ஆயிரக்கணக்கில் விலை சொன்னார்கள், கொடுத்து வாங்கவும் ஆள் இருந்தது. இதை வெறும் பைத்தியம் என்று ஒதுக்க முடியாது. கதை முடிவு தெரியாமலேயே முப்பது வருஷம் ஓட்டியவன் கொடுக்கும் விலை அது.

அடுத்த திருப்பம் 1984 ஜூலை. ஒரே மாதத்தில் ரெண்டு காமிக்ஸ்கள் பிறந்தன. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ்பாண்டோடு வந்தது, சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் பதினேழு வயதில் தொடங்கிய லயன் காமிக்ஸ் 'கத்திமுனையில் மாடஸ்டி'யோடு வந்தது. ரெண்டுமே உளவு சாகசம். ஆனால் லயனைத் தூக்கி நிறுத்தியது மாடஸ்டி இல்லை, கொஞ்சம் பின்னால் 'எத்தனுக்கு எத்தன்' கதையில் வந்த ஸ்பைடர். இவரும் லண்டன் சரக்கு, இவரும் மாயாவி மாதிரியே வில்லனாக ஆரம்பித்துத் திருந்தியவர். ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். அது தெரியாமலேயே தமிழ்ப் பிள்ளைகள் அவருடைய விசிறிகள் ஆகிவிட்டார்கள். ஸ்பைடருக்குக் 'கூர்மண்டையர்' என்றும், இயந்திர மனிதன் ஆர்ச்சிக்குச் 'சட்டித்தலையன்' என்றும் செல்லப் பெயர்கள் வேறு!

ராணி காமிக்ஸால் ஒரு குழப்பமும் வந்தது. வேறு இடங்களில் வேதாளர் என்று அறியப்பட்ட காட்டு முகமூடி வீரருக்கு ராணி வைத்த பெயர் மாயாவி. ஆக, "நான் மாயாவி ரசிகன்" என்று ஒருவர் சொன்னால், "எந்த மாயாவி? இரும்புக்கையா, முகமூடியா?" என்று கேட்டாக வேண்டும். இன்றைக்கும் ரெண்டு காமிக்ஸ் ரசிகர்கள் சந்தித்தால் வயசையும் வாசிப்பையும் கண்டுபிடிக்க இந்த ஒரு கேள்வி போதும்.

1990-களில் நிலைமை மாறியது. கேபிள் டிவி வீட்டுக்கு வீடு வந்தது. தூர்தர்ஷனில் 1997-ல் முகேஷ் கன்னாவின் 'சக்திமான்' பறக்க ஆரம்பித்தார், 2005 வரை பறந்தார். சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிக் குழந்தைகள் தங்களை ஆபத்துக்குள்ளாக்கிக்கொண்டதாகச் செய்திகள் வந்து நாடே பதறியது. முகேஷ் கன்னா அதை மறுத்தார். தொடரிலேயே பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லும் பகுதியும் இருந்தது. மாயாவி இந்த விஷயத்தில் அதிர்ஷ்டக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கதையிலும் கரண்டில் கைவைத்த ஆள் அவர்! அச்சில் இருந்ததால் தப்பித்தாரா, அல்லது இரும்புக் கை இல்லாமல் வேலைக்காகாது என்று பிள்ளைகளுக்கே புரிந்திருந்ததா என்பதை ஆராய்ச்சி செய்ய ஆள் வர வேண்டும்.

ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றது. லயனும் முத்துவும் எப்போது வரும் என்று தெரியாத நிலைக்குப் போயின. அந்த நேரத்தில்தான் ரசிகர்கள் யார் என்பது தெரிந்தது. நினைவிழந்த உளவாளியின் கதையான 'இரத்தப் படலம்' தமிழில் 1980-களில் தொடங்கி, விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ழான் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த பெல்ஜியக் கதை. அதன் 18 பாகங்களும் ஒரே தொகுப்பாக வந்தது 2010-ல். ஒரு கதையின் அடுத்த பகுதிக்காக மூக்குக் கண்ணாடி போடும் வயசு வரை காத்திருந்தார்கள். 2012-ல் லயன் 'கம்பேக் ஸ்பெஷல்' வெளியிட்டு மறுபடி கிளம்பியதும் சண்டையும் கூடவே கிளம்பியது.

என்ன சண்டை? ஒரு பக்கம், வழவழ தாளில் வண்ணத்தில் ஐரோப்பியக் கதைகள் வரட்டும், லார்கோ வின்ச் வரட்டும், கிராஃபிக் நாவல் வரட்டும், எத்தனை நாளைக்குக் காதில் பூச்சுற்றும் கதைகள் என்பவர்கள். மறுபக்கம், அதெல்லாம் இருக்கட்டும், மாயாவியை மறுபதிப்பு போடுங்கள் என்பவர்கள். ஆசிரியர் விஜயன் தன் 'ஹாட்லைன்' பகுதியில் புதியவற்றின் பக்கம் வாசகர்களை இழுக்கப் படாதபாடு படுவார். ஆனால் கல்லாவின் பேச்சு வேறாக இருந்தது. மாயாவி மறுபதிப்புகள் வந்தன, சென்னைப் புத்தகக் காட்சிகளில் அவை வேகமாக விற்றன.

புதுமைக் கட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழையதையே திரும்பத் திரும்பப் போட்டால் வாங்கும் கூட்டத்துக்கு வயசாகிக்கொண்டே போகும், கீழே இருந்து புது ஆள் வர மாட்டான். பத்து வயசுப் பையனுக்கு மாயாவியின் வேகம் இன்றைக்கு வேகமே இல்லை. ஆனாலும் மறுபதிப்புக் கட்சியை வெறும் பழம்பெருமைக் கூட்டம் என்று கேலி செய்வது தப்பு. பட்டணத்தில் மாதாமாதம் வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தவனுக்குத்தான் அது பழைய கதை. பேப்பர்க் கடையில் கிழிந்ததை எடுத்துப் படித்தவனுக்கு அது பாதியில் நின்ற கதை. அவன் கேட்பது பாக்கி.

பிறந்த நாட்டில் கிராண்டேலின் கதி என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 'வேலியன்ட்' 1976-ல் நின்றது. கிராண்டேல் மறக்கப்பட்டார். 2005-ல் டைட்டன் நிறுவனம் ஒரு தொகுப்பு போட்டது. அதே சமயம் ஆலன் மூர் திட்டமிட்டுக் கொடுத்த 'ஆல்பியன்' தொடரில் பழைய பிரிட்டிஷ் நாயகர்களோடு அவரும் தலைகாட்டினார். பிறகு ரெபெல்லியன் என்ற நிறுவனம் பழைய உரிமைகளை எல்லாம் வாங்கி 2021-ல் மாயாவியை முதல் கதையிலிருந்து புத்தகமாக்கியது. ஆங்கில வாசகர்களில் பலருக்கு அது புதுக் கண்டுபிடிப்பு. அந்த நேரம் சிவகாசியில் மாயாவிக்கு ஐம்பது வயசு நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுபதிப்பு கைக்கு வந்ததும் பழைய வாசகர்களில் பலர் முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. நேராகக் கடைசி நாலு பக்கத்துக்குப் போனார்கள்.