படிகாரமும் பலாக்கட்டையும்: வேதி உணரியின் முன்வரலாறு

நீரில் கரைந்த அயனிகளை நிறமாற்றத்தாலோ ஒளிர்தலாலோ காட்டிக்கொடுக்கும் வேதி உணரிகளின் வரலாறு வழக்கமாக 1867இல் தொடங்கப்பெறுகிறது. மோரின் என்னும் தாவரச் சாயம் அலுமினிய அயனியோடு பிணைந்து பச்சையாக ஒளிர்வதை அவ்வாண்டு கோப்பல்ஸ்ரோடர் பகுப்பாய்வு முறையாக்கினார்.

ஆயின் அப்பிணைப்பு புதிதன்று. மோரின் நம் பலாமரத்தின் வைரக்கட்டையிலும் உண்டு. பௌத்தத் துறவியரின் ஆடைக்கு மஞ்சள் ஊட்டியது அக்கட்டையே. அச்சாயத்தைத் துணியில் நிலைநிறுத்துவது படிகாரத்திலுள்ள அலுமினியம். படிகாரத்துக்கு மாற்றாக இரும்பு உப்பை இட்டால் மஞ்சள் கருமை கொள்ளும். அயனி மாற நிறம் மாறும் என்பதைச் சாயக்காரர் அறிந்திருந்தனர். அயனி என்னும் சொல்லை மட்டும் அறிந்திலர்.

இதனைக் கோர்படியிலிருந்து எழுதுகிறேன். இதே புணே நகரின் பாஷாண் பகுதியிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு 1957இல் முதல் இந்திய இயக்குநரானவர் சென்னையில் பிறந்த சாய வேதியியலர் கி. வேங்கடராமன். பிளேவோன்களை ஆக்க உதவும் பேக்கர்–வேங்கடராமன் மறுசீரமைவு அவர் பெயரைத் தாங்குகிறது. மோரினும் பிளேவோன் கட்டமைப்புடையதே. எனினும் உணரி பற்றிய ஆய்வேடுகளின் முன்னுரைகளில் சாயவியல் அரிதாகவே இடம்பெறுகிறது.

இன்று குடிநீரைத் தெளியவைப்பதும் படிகாரமே. நீரில் எஞ்சும் அலுமினியத்துக்கு இந்தியத் தரநிலை வகுத்த ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 0.03 மில்லிகிராம். அதனை அளக்க முனையும் மாணவர், தம் துறையின் முதல் ஆய்வுக்கூடம் சாயத்தொட்டி என்பதை மறவாதிருத்தல் நன்று. எந்த அயனிக்கு எந்த நிறம் என்ற வினா அங்கேயே எழுந்துவிட்டது.