ஏழு முறை தள்ளிப்போன எஃப்.சி.

லாரி, பஸ், டாக்சி, ஆட்டோ வைத்திருப்பவர்களுக்கு அவ்வப்போது வரும் ஒரு பரீட்சை எஃப்.சி. நல்ல தமிழில் சொன்னால் தகுதிச் சான்று. பிரேக், ஸ்டியரிங், விளக்கு, ஹாரன் என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகே இது கிடைக்கும். கொரோனா காலத்தில் இந்தப் பரீட்சை ஒரு முறை அல்ல, ஏழு முறை தள்ளிப்போனது!

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆவது பிரிவு கறாரானது. தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம் முறைப்படி பதிவானதாகவே கருதப்படாது. 8 வயது வரையுள்ள வண்டிக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. காட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஆண்டுதோறும். வயதானால் டாக்டரிடம் அடிக்கடி போவது போலத்தான்.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் மூடப்பட்டன. ஆனால் அரிசி, காய்கறி, மருந்து ஏற்றிய லாரிகள் ஓடியே ஆக வேண்டும். சான்று காலாவதியாகிவிட்டது என்று ஒரு லாரியைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினால், மருந்தும் அங்கேயே நின்றுவிடும்.

எனவே மார்ச் 30 அன்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பிப்ரவரி 1 முதல் காலாவதியாகி, ஊரடங்கால் புதுப்பிக்க முடியாமல் போன தகுதிச் சான்று, பர்மிட், ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று ஆகியவற்றை ஜூன் 30 வரை செல்லுபடியாகும் என்று கருதச் சொன்னது. அன்றைய நிலையில் இது மிகச் சரியான முடிவு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜூன் 30 என்பது செப்டம்பர் 30 ஆனது. பிறகு டிசம்பர் 31. பிறகு 2021 மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30... கடைசியாக அக்டோபர் 31.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020 பிப்ரவரி 1 அன்று சான்று முடிந்த ஒரு பழைய லாரிக்கு 21 மாதம் கூடுதலாகக் கிடைத்தது. அந்தச் சான்றின் ஆயுளே 12 மாதம்தான்! ஆக மொத்தம் 33 மாதம் யாரும் பிரேக்கைச் சோதிக்காமலே அந்த லாரி சட்டப்படி ஓடியிருக்கலாம்.

இதே மார்ச் 30 அன்று இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸிலும் ஒரு சலுகை அமலுக்கு வந்தது. அங்கே 3 வயதான கார்களுக்கு ஆண்டுதோறும் 'எம்.ஓ.டி.' சோதனை உண்டு. அந்த அரசு எல்லோருக்கும் ஒரே கடைசித் தேதி வைக்கவில்லை. கார், பைக், சிறிய வேன் ஒவ்வொன்றுக்கும் அதனதன் தேதியிலிருந்து 6 மாதம் கொடுத்தது. ஏப்ரல் வண்டி அக்டோபருக்குப் போனது, மே வண்டி நவம்பருக்குப் போனது. ஆகஸ்ட் 1 முதல் சோதனை மீண்டும் கட்டாயமானது. இடைப்பட்ட காலத்திலும் பழுதான வண்டியை ஓட்டினால் வழக்கு வரும் என்ற எச்சரிக்கை இருந்தது.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அங்கே வரிசை கலையாமல் அப்படியே பின்னால் நகர்ந்தது. இலையுதிர் காலத்தில் கூட்டம் கூடினாலும் அது மாதவாரியாகப் பிரிந்தே வந்தது. இங்கே பல மாத வண்டிகளுக்கும் ஒரே கெடு. அந்த நாள் நெருங்கும்போது எல்லோரும் ஒரே வாசலில் நிற்க வேண்டும். தொற்றுக் காலத்தில் எதைத் தவிர்க்க வேண்டுமோ அந்தக் கூட்டத்தையே ஒவ்வொரு கெடுவும் கூட்டிவிடும். அப்புறம் இன்னொரு கெடு கேட்காமல் என்ன செய்வது?

இதற்காக வண்டிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. எஃப்.சி. காட்டும் முன் பெயின்ட், டிங்கரிங், மெக்கானிக் என்று செலவு வரிசையாக வரும். சவாரியே இல்லாமல் நின்ற டூரிஸ்ட் வேன்காரர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? அவருக்கு இந்தச் சலுகை உண்மையிலேயே மூச்சு விட நேரம் கொடுத்தது.

ஆனால் அந்த வேன் மறுபடி ரோட்டுக்கு வரும்போது, எதிரே சைக்கிளில் வருபவருக்கு அரசின் கடிதம் உதவாது. தேதியை எத்தனை முறை வேண்டுமானாலும் நீட்டலாம். தேய்ந்துபோன பிரேக் லைனிங்கை நீட்ட முடியுமா?