‘அடுத்த முரளி’ பிறந்த கதை

தோட்டத்துப் பையன் ஒருவன் மென்பந்தை விரலால் சுழற்றி ரெண்டு தரம் ஸ்டம்பைச் சாய்த்துவிட்டால் போதும். பிரட்டுக்களத்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் அவனுக்குப் பட்டம் கட்டிவிடுவார்கள்: “இவன்தான்யா அடுத்த முரளி.” ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பட்டத்தைச் சுமந்த ஒருவனாவது இருப்பான். அவனுக்கு இன்று நாற்பது வயது தாண்டி, கொழும்பில் ஏதோ ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருக்கலாம். தீபாவளிக்கு லயத்துக்கு வந்தால் அவன் பேர் இன்னமும் முரளிதான்.

இந்தப் பட்டம் எப்போது பிறந்தது? முரளி பந்தைக் கையிலெடுத்த காலத்தில் அல்ல. அப்போது அவரிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு மலையேறி வந்தவர் முரளியின் தாத்தா பெரியசாமி சின்னசாமி. பிற்காலத்தில் மகள்களோடு திருச்சிக்கே திரும்பிப் போய்விட்டார். மகன் முத்தையா இங்கேயே தங்கி, கண்டிப் பக்கம் பிஸ்கட் தொழிலில் காலூன்றினார். 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலைக்குத் தீ வைத்தார்கள். குடும்பம் மறுபடி எழுந்து நின்றது. அந்த வீட்டின் மூத்த பிள்ளைதான் 1972 ஏப்ரல் 17இல் பிறந்த முரளிதரன். ஒன்பது வயதில் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்த்தார்கள். மித வேகத்தில் பந்து போட்டுக்கொண்டிருந்தவரைப் பதினான்கு வயதில் சுழற்பந்துக்குத் திருப்பிவிட்டவர் பள்ளிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. கடைசி இரண்டு பருவங்களில் நூறு விக்கெட்டுக்கு மேல் விழுத்தி, 1990–91இல் ஆண்டின் சிறந்த பள்ளிக் கிரிக்கெட் வீரராகத் தெரிவானார். பிறகு கொழும்புக்குப் போய்த் தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்தார்.

அடுத்து நடந்ததை மலையகத்து ரசிகர்கள் பலர் மறந்துவிட்டார்கள். 1991இல் இலங்கை ‘ஏ’ அணியோடு இங்கிலாந்து போனார். ஐந்து ஆட்டங்கள் ஆடினார். ஒரு விக்கெட்கூட விழவில்லை. வெறுங்கையோடு திரும்பிய அந்தப் பையனைத் தெரிவாளர்கள் தூக்கிப் போட்டுவிடவில்லை என்பதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் தொட்ட இடம். 1992 ஆகஸ்ட் 28, கெத்தாராம மைதானம், அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். கிரெய்க் மக்டெர்மட் முதல் விக்கெட். அந்த ஆட்டத்தில் மொத்தம் 141 ஓட்டங்களுக்கு 3 விக்கெட். நாடு கொண்டாடும் தொடக்கமா அது? இல்லை. தோட்டங்களில் அதைப் பற்றிப் பேசியவர்களும் கொஞ்சப் பேராகத்தான் இருந்திருப்பார்கள்.

அன்றைய மலையகம் வேறு கணக்குகளில் இருந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. ஒரே குடும்பத்தில் தாத்தா ஒரு கரையிலும் பேரப்பிள்ளை மறு கரையிலுமாக ஆனது சின்னசாமி வீட்டில் மட்டுமல்ல, ஆயிரமாயிரம் லயங்களில். மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003இல்கூட ஒரு சட்டம் தேவைப்பட்டது. அப்படிப்பட்ட ஊரிலே, தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவரின் பேரன் இலங்கைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்பதென்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உணரவே எங்களுக்குக் கொஞ்சக் காலம் பிடித்தது.

உணர வைத்தது ஒரு அவமானம். 1995 டிசம்பர் 26, மெல்பர்ன். நடுவர் டரல் ஹேர் முரளி பந்தை எறிகிறார் என்று ஏழு தடவை ‘நோ போல்’ கொடுத்தார். பத்து நாள் கழித்து பிரிஸ்பனில் இன்னொரு நடுவர், ரோஸ் எமர்சன், அதையே செய்தார். பிறவியிலேயே முழங்கை முழுதாக நிமிராத கை என்பதை மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் பரிசோதித்துப் பார்த்துச் சொன்ன பிறகும் பேச்சு ஓயவில்லை. 1999 ஜனவரியில் அடிலெய்டில் எமர்சன் மறுபடி கை நீட்டியபோது, கப்டன் அர்ஜுன ரணதுங்க அணியையே எல்லைக்கோட்டுக்கு அழைத்துப் போய் நிறுத்தினார். ஒரு சிங்களக் கப்டன், ஒரு தமிழ்ப் பையனுக்காக, உலகம் பார்க்க. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடம் அது.

என் கணிப்பில் ‘அடுத்த முரளி’ கருக்கொண்டது இங்கேதான். விக்கெட்டுகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் ரசிகர்கள். “நம்ம பிள்ளையைக் கள்ளப் பந்து போடுறான்னு சொல்றாங்களே” என்று வயிறெரிந்த அன்றைக்கு அவர்கள் சொந்தக்காரர்களானார்கள். சொந்தக்காரர்களுக்கு ஒரு பிள்ளை போதாது. அவனைப் போல இன்னொருவன் வேண்டும்.

இடையிலும் பிறகும் வந்த வெற்றிகள் அந்த ஆசையை ஊட்டி வளர்த்தன. 1996 லாகூரில் உலகக் கிண்ணம். 1998 ஓவலில் 16 விக்கெட். 2007 டிசம்பர் 3இல் கண்டி அஸ்கிரிய மைதானத்தில், பிறந்த ஊரிலேயே, போல் கொலிங்வுட்டை வீழ்த்தி 709ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு ஷேன் வோர்னைத் தாண்டினார். 2010 ஜூலை 22, காலி: கடைசிப் பந்துவீச்சில் பிரக்யான் ஓஜா, எண்ணூறு. அந்த எண்ணூறு தோட்டத்து ஆட்டோக்களின் பின்புறத்தில் ஏறியது. கூடவே ‘அடுத்தவன் எங்கே’ என்ற கேள்வியும் ஏறிக்கொண்டது.

அந்தக் கேள்வி போய் நிற்கும் இடத்தைப் பாருங்கள். லயத்துக்கும் தேயிலைக்கும் நடுவே கிடைக்கும் ஒரு துண்டுச் சமதரை. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் கொழுந்து மலை. தேயிலைக்குள் தூக்கியடித்தால் அவுட், ஏனென்றால் பந்து தொலைந்தால் வேறு பந்து வாங்கக் காசு சேர்க்க வேண்டும். ஓடிவந்து போட இடமில்லாததால் பையன்கள் ரெண்டு எட்டில் நின்று மணிக்கட்டாலேயே வேலை செய்யப் பழகுகிறார்கள். அவர்களின் சுழலைப் பார்த்தால் யாருக்கும் முரளி ஞாபகம் வரத்தான் செய்யும். ஆனால் கையில் இருப்பது மென்பந்து. கடினபந்தின் தையலை விரலால் பிடித்து, புற்றரை ஆடுகளத்தில் அது எப்படி எகிறுகிறது என்று பார்க்கும் வாய்ப்பு அவர்களில் பெரும்பாலானோருக்கு ஒருநாளும் வருவதில்லை. கால்காப்பு, கையுறை, ஹெல்மெட், மட்டை என்று ஒரு பையை நிரப்ப ஆகும் செலவு கொழுந்து பறிக்கிற அம்மாவின் பல மாதச் சம்பளம்.

மலையகத்தில் நல்ல மைதானமே இல்லையா என்றால், இருக்கிறது. டிக்கோயா டரவளையிலும் நானுஓயா ரதல்லையிலும் இருப்பவை வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்காகப் போட்டுக்கொண்ட அழகான மைதானங்கள். மலையை வெட்டிச் சமன்படுத்திப் புல்லை வளர்த்த கைகள் யாருடையவை என்று சொல்ல வேண்டியதில்லை.

முரளிக்குக் கிடைத்தது என்ன? கடினபந்து ஆடும் பெரிய பள்ளி, பதினான்கு வயதில் சரியான நேரத்தில் வாய்த்த ஒரு பயிற்சியாளர், சோறு போடும் தொழிலுள்ள வீடு, தலைநகரில் ஒரு கழகம், சறுக்கியபோதும் கிடைத்த மறு வாய்ப்பு. இவற்றில் ஒன்றும் இல்லாதவனிடம் எண்ணூறைக் கேட்பது அன்பால்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் அது பையனின் முதுகில் ஏற்றும் சுமை.

இது நம்முடைய குணம் மட்டுமல்ல. அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி முடித்த வீரர்களை அணிகள் வரிசை முறையில் தெரிவு செய்யும் வழக்கம் 1936இல் தொடங்கியது. முதன்முதலாகப் பெயர் வாசிக்கப்பட்ட ஜே பெர்வாங்கர், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டக்காரர். சம்பளப் பேச்சு சரிவராமல் அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. 2012இல் கிளீவ்லாந்து அணி மூன்றாவது ஆளாக எடுத்த ட்ரென்ட் ரிச்சர்ட்சனும் அதே வகை ஓட்டக்காரர்தான். ஊரே அவரைத் தலையில் வைத்துக் கூத்தாடியது. அடுத்த வருடம் செப்டம்பரில் வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். எத்தனையாவதாகத் தெரிவானார் என்பதே அந்த ஊரில் ஒரு வீரனின் பட்டமாகிவிடுகிறது. ஆனால் அங்கே எதிர்பார்ப்புக்கு முன்னாலேயே மைதானமும் பயிற்சியும் வைத்தியமும் சம்பளமும் வந்துவிடுகின்றன. நம்மூரில் எதிர்பார்ப்பு மட்டும் முதலில் வந்து நிற்கிறது.

வடக்கில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த லெக் ஸ்பின்னர் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 டிசம்பரில் முதலாவது லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக இறங்கியபோது 19 வயதைத் தொடவில்லை. முதல் விக்கெட் அஞ்சலோ மெத்யூஸ். மறுநாளே அவர் தோளிலும் முரளியை ஏற்றி உட்கார வைத்தோம். அவர் நிதானமாக ஏறினார். 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல் ஆடினார். ஒவ்வொரு ஓவருக்கும் அவரை முரளியோடு நிறுத்துப் பார்த்தவர்கள், 1991இல் வெறுங்கையோடு வந்த முரளியை நினைத்துப் பார்க்கவில்லை.

ஆகவே பிரட்டுக்களத்துப் பெரியவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பையனுக்குப் பட்டம் கட்டுங்கள், தடுக்கவில்லை. அதே வாயால் தோட்ட நிர்வாகத்திடம் ஒரு மைதானத்தைக் கேளுங்கள். தலைவர்மார் வாக்குக் கேட்டு வரும்போது, கோயிலுக்குக் கூரைத் தகரம் கேட்பது போல, தோட்டப் பள்ளிக்குப் பாய் விரித்த கடினபந்து ஆடுகளம் ஒன்றும், வாரத்தில் ரெண்டு நாள் வந்து போகப் பயிற்சியாளர் ஒருவரும் கேளுங்கள். பையன் டரவளையில் ஆட ஒரு சனிக்கிழமை கேளுங்கள். அவன் முதல் ஐந்து ஆட்டங்களில் விக்கெட் எடுக்காவிட்டால், ஆறாவது ஆட்டத்துக்கும் பஸ் காசு கொடுத்து அனுப்புங்கள்.