நிழல் விழும் வரை

ஜாவா தீவில் முதிர்ந்த தேக்கை வெட்டி முடித்த காட்டை, அரசு வனக் கம்பெனி பக்கத்து ஊர் விவசாயிகளுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும். விவசாயி நிலத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பெனி சொல்கிற இடைவெளியில் தேக்கு விதையை ஊன்றி, களை எடுத்து, மாடு கடிக்காமல் காக்க வேண்டும். கூலி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அதற்குப் பதிலாக, தேக்கு வரிசைகளுக்கு நடுவே மானாவாரி நெல்லோ சோளமோ கடலையோ போட்டுக்கொள்ளலாம். விளைவது அவருக்கு. இரண்டு மூன்று வருடத்தில் கிளம்பிவிட வேண்டும். இந்த முறைக்குத் தும்பாங்சாரி என்று பெயர். அப்படி உழும் விவசாயியை பெசாங்கெம் என்பார்கள்.

முதலில் இதைப் படித்தபோது, 'நல்ல ஏற்பாடுதானே, ரெண்டு பேருக்கும் லாபம்' என்றுதான் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. தேக்கை ஒழுங்காக வளர்த்தால் அது சீக்கிரம் குடை விரிக்கும். குடை விரிந்தால் கீழே சோளம் வராது. அதாவது, வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அவ்வளவு வேகமாக அவருடைய வயல் பறிபோகும். கன்றுகள் 'எப்படியோ' பட்டுப்போகின்றன, மறுபடி நட வேண்டியிருக்கிறது என்பது இம்முறை நடந்த பல நாடுகளிலும் வன அதிகாரிகள் சொன்ன புகார். எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இந்த யோசனை பர்மாவிலிருந்து வந்தது. அங்கே பெயர் தௌங்யா. 'தௌங்' என்றால் மலை, 'யா' என்றால் கொல்லை. கரேன் மக்கள் மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்வதற்கு வைத்திருந்த சொல் அது. 1856-ல் பெகுவில் தேக்குக் காடுகளின் பொறுப்பை ஏற்ற ஜெர்மானியர் டீட்ரிச் பிராண்டிஸுக்கு அந்தப் பயிர்முறை முதலில் தலைவலி. அப்புறம், 'சரி, வெட்டி எரித்த இடத்திலேயே தேக்கையும் அவர்களையே நட வைத்தால் என்ன?' என்று கணக்கு மாறியது. காட்டை அழிப்பவர் என்று பழி சுமந்தவரே காட்டை வளர்க்கும் மலிவான கை ஆனார். பெயர் மட்டும் அவர்களுடையதாகவே நின்றுவிட்டது. (இதே பிராண்டிஸ்தான் பின்னால் மதராஸ் மாகாணத்துக்கு வந்து 1882 வனச் சட்டம் உருவாகக் காரணமானவர். நம் ஊர்க் காட்டுக்கும் அவர் அந்நியர் இல்லை.)

ஜாவாவில் டச்சுக்காரர்கள் 1870-களில் இதைத் தொடங்கினார்கள். அதே 1870-ல்தான், யாரும் உரிமையை நிரூபிக்க முடியாத நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்ற சட்டமும் வந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். விறகும் வீட்டுக் கட்டையும் எடுத்த காடு ஒரு நாளில் அரசுக் காடாகிறது. பிறகு அதே காட்டில் இரண்டு வருடம் உழுதுகொள்ள 'அனுமதி' கிடைக்கிறது.

தேக்கு வட்டாரமான ப்ளோராவில் சுரொந்திகோ சாமின் என்ற விவசாயி இதை ஏற்கவில்லை. மண்ணும் நீரும் மரமும் எல்லோருக்கும் பொது என்றார். ஆயுதம் எடுக்கவில்லை. அவரைப் பின்பற்றியவர்கள் வரி கட்ட மறுத்தார்கள், தேக்கை வெட்டினார்கள். அளக்க ஆள் வந்தால், 'இது என்னுது' என்று தங்கள் நிலத்தின்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டார்கள். 1907-ல் சாமினைப் பிடித்து நாடு கடத்தினார்கள். 1914-ல் சுமத்ராவின் பாடாங்கில் இறந்தார். சாமின் வழி மக்கள் இன்றும் ப்ளோரா பக்கம் இருக்கிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு டச்சு வனத்துறையின் இடத்தில் பெர்ஹுத்தானி என்ற அரசுக் கம்பெனி வந்தது. 1972-ல் இன்றைய வடிவம். ஜாவாவிலும் மதுராவிலும் சுமார் 24 லட்சம் ஹெக்டேர் அதன் கையில் இருந்தது. காட்டை ஒட்டி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள். 1980-களில் அங்கே தங்கி ஆய்வு செய்த நான்சி பெலூசோ தன் புத்தகத்துக்கு 'ரிச் ஃபாரஸ்ட்ஸ், புவர் பீப்பிள்' என்று பெயர் வைத்தார். 1992-ல் வெளிவந்தது. தலைப்பே பாதி கதையைச் சொல்லிவிடுகிறது.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. ஊர்த் தலைவரையும் வனக்காரரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் திட்டம் 1970-களில் வந்தது. 80-களில் சமூகக் காடு வந்தது: வரிசைகளை அகலமாக வைத்து, நடுவே பழமரமும் தீவனமும் வளர்த்து, விவசாயி கூடுதல் காலம் இருக்கலாம். ஆனால் தேக்கு மட்டும் எப்போதும் கம்பெனியுடையது. ஒரு கட்டை கையில் இருந்தால் திருட்டு.

1998 மே மாதம் சுஹார்த்தோ பதவி விலகினார். அடுத்த சில வருடங்களில் தேக்குக் காடுகள் பெரும் பரப்பில் வெட்டிச் சாய்க்கப்பட்டன. லாரியோடு வந்த வியாபாரிகள் இருந்தார்கள், உடந்தையான சீருடைக்காரர்களும் இருந்தார்கள். ஊர்க்காரர்களும் இருந்தார்கள். நூறு வருடம் தேக்கு நட்டவர்கள் அதைக் காப்பாற்ற ஏன் முன்வரவில்லை என்ற கேள்விக்கு, அந்த மரத்தில் அவர்களுக்கு ஒரு காசும் இருந்ததில்லை என்பதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

கம்பெனிக்கும் அது புரிந்தது. 2001-ல் 'சமூகத்தோடு சேர்ந்த வன நிர்வாகம்' என்ற திட்டம் வந்தது. ஊருக்கு ஒரு வனச் சங்கம், கம்பெனியோடு ஒப்பந்தம், மர வருமானத்தில் 25 சதவீதம் வரை ஊருக்குப் பங்கு. பெரிய திருப்பம்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். சிக்கல் தேக்கின் வயதில் இருந்தது. பழைய கணக்கில் ஒரு தேக்கு வெட்டுக்கு வர 60, 80 வருடம் ஆகும். இன்று நட்டதன் பங்கு பேரனுக்கு. முதிர்ந்த மரங்களையோ 1998-க்குப் பின் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. நல்ல காடு மிஞ்சிய ஊருக்குப் பணம் வந்தது. மொட்டைக் காட்டு ஊருக்குக் காகிதம் வந்தது. 2022-ல் இந்தோனேசிய அரசே சுமார் 11 லட்சம் ஹெக்டேரை பெர்ஹுத்தானியிடமிருந்து எடுத்துத் தனி ஏற்பாட்டுக்குள் கொண்டுபோனது. கம்பெனி ஊழியர்கள் தெருவில் இறங்கினார்கள். கூட்டாளிகளில் ஒருவரின் நிலத்தில் பாதி போனால் கூட்டு என்ன ஆகும்?

இதற்கிடையில் கிழக்கு ஜாவாவின் மாடியுன், ங்கஞ்சுக் பக்கத்து விவசாயிகள் நிழலுக்கு வேறொரு பதில் வைத்திருந்தார்கள். போராங் என்று ஒரு கிழங்கு. நம் சேனைக்குச் சொந்தக்காரன், அதே புள்ளி போட்ட தண்டு, அதே நாக்கு அரிப்பு. மாவாக்கிச் சுத்தம் செய்தால் ஜப்பானில் கொன்யாக்கு ஆகும். வெயிலைவிடத் தேக்கின் அரைநிழல் அதற்கு ஒத்துப்போகிறது. கம்பெனிக்கும் மறுப்பில்லை, உற்பத்தியில் பங்கு கிடைக்கிறதே. தோண்ட இரண்டு மூன்று வருடம் ஆகும். விலை ஒரு கட்டத்தில் எகிறி, பிறகு தரையில் விழுந்தது, அது வேறு சோகம்.

ஆனாலும் அந்தச் செடியின் ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. கோடையில் தேக்கு இலையெல்லாம் கொட்டி நிற்கும். அப்போது கீழே வெயில் தாராளம், ஆனால் மழை இருக்காது. போராங்கும் அந்த நேரம் பார்த்து மேலே காய்ந்து, மண்ணுக்குள் படுத்துக்கொள்கிறது. முதல் மழைக்குத் தேக்கு துளிர்க்கும்போது இதுவும் குருத்து விடும்.