ஆழ்கடல் மணலுக்குப் பெயரிட்ட வரலாறு

அலைகளின் ஆற்றல் எட்டாத ஆழ்கடலில் நுண்ணிய சேறு மட்டுமே மெல்லப் படியும் என்று அறிஞர் நெடுங்காலம் கருதி வந்தனர். ஆயின், ஒருகாலத்தில் கடலடியாயிருந்து பின்னர் மலையாக உயர்ந்த பாறைகளிலே, சேற்றுப்பாறை அடுக்குகளுக்கிடையே மணற்கல் அடுக்குகளும் காணப்பட்டன. கரையோரத்து மணல் அவ்வளவு ஆழத்திற்கு எவ்வாறு சென்றது? இவ்வினாவிற்கு விடை தேடிய வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

1929ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், நியூபவுண்ட்லாந்திற்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அட்லாண்டிக் கடலடியில் கிடந்த தந்திக் கம்பிகளுள் 12 அறுந்தன. நடுக்க மையத்தை அடுத்திருந்தவை உடனே அறுந்தன. தெற்கே ஆழத்தில் கிடந்தவையோ ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. கடைசிக் கம்பி அறுந்தது 13 மணி 17 நிமிடங்களுக்குப் பின்னர். சரிந்த வண்டல் நீருடன் கலந்து, கனத்த கலங்கல் ஓட்டமாகிப் பள்ளம் நோக்கிப் பாய்ந்து கம்பிகளை அறுத்தது என்று 1952இல் ஹீசனும் யூவிங்கும் விளக்கினர்.

அதற்கு ஈராண்டு முன்னரே, 1950இல், டச்சு அறிஞர் க்யூனனும் இத்தாலிய அறிஞர் மில்யோரினியும் ஓர் உண்மையை வெளியிட்டிருந்தனர். கலங்கல் ஓட்டம் வேகம் தணியும்போது பருமணல் முதலில் படியும். நுண்மணல் அதன்மேல் படியும். மலைப்பாறைகளிலும் இவ்வரிசையே காணப்படுகிறது என்றனர். அத்தகைய படிவு 'டர்பிடைட்' எனப் பெயர் பெற்றது. 1962இல் ஆர்னால்டு பௌமா, தென்கிழக்குப் பிரான்சின் அன்னோ மணற்கல்லை ஆராய்ந்து, அடியிலுள்ள பருமணல் முதல் உச்சியிலுள்ள சேறு வரை ஐந்து பகுதிகள் கொண்ட வரிசையை வகுத்துத் தந்தார்.

அழகிய வகுப்புமுறை கிடைத்தபின், ஆழ்கடல் மணற்கல் பலவற்றையும் அவ்வொரு பெயராலேயே அழைக்கும் வழக்கம் பரவிற்று. எனினும், வண்டல் சரிந்தோடும் முறைகள் பலவாகும். மணியைத் தாங்கும் ஆற்றல் எது என்பதைக் கொண்டு, 1973இல் மிடில்டனும் ஹாம்ப்டனும் அவற்றை நான்காகப் பிரித்தனர். நீரின் சுழிப்பு தாங்கினால் கலங்கல் ஓட்டம். மேல்நோக்கிக் கசியும் நீர் தாங்கினால் நெகிழ் ஓட்டம். மணிகளின் மோதல் தாங்கினால் மணி ஓட்டம். குழைசேற்றின் வலிமை தாங்கினால் சேற்றுச் சரிவோட்டம்.

இப்பிரிவின் விளைவை வற்புறுத்தியவருள் முதன்மையானவர் ஒரு தமிழர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்று, அமெரிக்காவில் பணியாற்றிய ஜி. சண்முகம் என்னும் நிலவியலார், 1996இல் ஒரு வினாவை எழுப்பினார். அடர்ந்த கலங்கல் ஓட்டத்தின் படிவுகள் எனப்படுபவை, உண்மையில் மணற் சேற்றுச் சரிவோட்டத்தின் படிவுகள் அல்லவா என்பதே அது. அத்தகைய ஓட்டம் மணியை ஒவ்வொன்றாகப் படியவிடாது. ஒட்டுமொத்தமாக உறைந்து நிற்கும். சேற்றுக் கட்டிகள் மணலுள் மிதந்தபடி இறுகியிருப்பது அதன் அடையாளங்களுள் ஒன்று. அறிஞர் பலர் இக்கருத்தை ஏற்கவில்லை, வாதம் நீண்டது.

இது வெறும் சொல்வாதமன்று. ஆந்திரக் கரைக்கு அப்பால், கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் ஆழ்கடல் மணலில் எரிவாயு இருப்பது 2002இல் கண்டறியப்பட்டது. 2009இல் உற்பத்தி தொடங்கிற்று. அவ்வாண்டே சண்முகமும் உடனாய்வாளரும், அப்படுகையின் மணல்களுட் சில சேற்றுச் சரிவோட்டத்தால் வந்தவை என்றும், சில கடலடிப் பள்ளத்தாக்கின் ஓத ஓட்டத்தால் படிந்தவை என்றும் எழுதினர். மணல் வந்த வழியை ஒட்டியே அது பரந்து கிடக்குமா, குறுகிய நாவாக நிற்குமா என்பது கணிக்கப்படுகிறது. கணிப்புத் தவறினால், பெரும்பொருள் செலவிட்டுத் தோண்டிய துளை வறிதாகும்.

ஆகவே, பாறையிற் காண்பதை முதலில் உள்ளவாறு எழுதுதலும், அதன் பிறப்பைக் குறிக்கும் பெயரைப் பின்னரே சூட்டுதலும் நெறியாகும். பெயரை முந்த வைத்தால், கண்ணும் அப்பெயருக்கு உரியதையே தேடும். இந்த அறுபதாண்டு வாதம் நிலவியலாருக்கு மட்டுமன்றி, எதனையும் வகைப்படுத்த முனையும் யாவர்க்கும் உணர்த்தும் பாடம் இதுவே.