‘மெதுவாக’ என்றொரு அட்டை

விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே கொல்லர் மகன். படிப்பு எழுதப் படிக்க, கணக்குப் போடத் தெரிந்த அளவோடு நின்றது. லண்டனில் ஒரு பைண்டிங் கடையில் 7 ஆண்டு தொழில் பழகினார். 1812-இல் கடை வாடிக்கையாளர் ஒருவர் தந்த டிக்கெட்டில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்துக்குப் போய், வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் நான்கு உரைகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, படம் வரைந்து, தானே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அங்கேயே ஆய்வக உதவியாளர் ஆனார்.

இதுவரை பலரும் அறிந்த கதை. மேடையில் பேச அவர் பட்ட பாடுதான் அதிகம் வெளியே வராதது.

உரையாற்ற வருபவர்களுக்குக் கருவிகளை எடுத்து வைப்பது அவர் வேலை. கை வேலையில் இருக்க, கண் பேச்சாளர் மேல் இருந்தது. 1813 ஜூனில் நண்பர் பெஞ்சமின் அபட்டுக்கு வரிசையாகக் கடிதம் எழுதினார்: அரங்கில் காற்றோட்டம் வேண்டும், பேச்சு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, பேசுபவர் கேட்பவர்களுக்கு முதுகு காட்டக் கூடாது. அப்போது அவருக்கு வயது 21. ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை. துணிச்சல்தான்!

முதல் உரை 1816 ஜனவரியில், சிட்டி ஃபிலாசஃபிகல் சொசைட்டியில். அறிவியல் ஆர்வத்தில் கூடிய சாதாரண இளைஞர்களின் சங்கம் அது. அதோடு அவர் திருப்தி அடையவில்லை. 1818-இல் பெஞ்சமின் ஸ்மார்ட் என்ற பேச்சுப் பயிற்சி ஆசிரியரிடம் காசு கட்டிப் போய், நூறு பக்கத்துக்கு மேல் குறிப்பு எழுதினார். பிற்பாடு அவர் பேசும்போது நண்பர் எட்வர்ட் மக்ராத் எதிரே உட்கார்ந்து, உச்சரிப்பிலும் பேச்சு முறையிலும் பிழை குறித்துக் கொடுப்பார். வேகம் கூடினால், ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டை ஒன்று அவர் கண்ணெதிரே வைக்கப்படும். வைப்பவர் உதவியாளர் ஆண்டர்சன், பீரங்கிப் படையில் சார்ஜென்டாக இருந்தவர்.

ராயல் இன்ஸ்டிடியூஷனில் வெள்ளி மாலை உரைகள் ஃபாரடேயின் முயற்சியில் தொடங்கின. சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் உரைத் தொடர்களில் 19 அவர் நடத்தியவை. மெழுகுவத்தி பற்றிய தொடர் அவற்றில் பேர்போனது. எரியும் வத்தியை மெல்ல அணைப்பார். திரியிலிருந்து எழும் புகையருகே, திரியைத் தொடாமல், தீயைக் காட்டுவார். தீ புகை வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவி என்று பிள்ளைகள் கண்ணாலேயே கண்டுகொள்வார்கள்.

பிறவிப் பேச்சாளர் என்று இவரைப் புகழ்வது, அவர் பட்ட பாட்டைக் கணக்கில் சேர்க்காத புகழ்ச்சி. 1991-இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து வெளியிட்ட 20 பவுண்டு நோட்டில் ஃபாரடே இடம்பெற்றார். அதன் பின்பக்கப் படத்தில் அவர் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உரையாற்றிக்கொண்டிருக்கிறார்.